மல்லூர் மேட்டில் நீ இறங்கித் தள்ளினாய்

என் தங்கை பாவாயியின் புருஷனும், என் வாயை அடக்கத் தெரிந்த ஒரே ஆளுமான மாரப்ப மச்சானுக்கு,

நீ போய் நான்கு ஆடி கழிந்துவிட்டது. இத்தனை நாளில் உனக்கு ஒரு வரி எழுதவில்லை. இப்போது எழுத உட்கார்ந்திருப்பது பாசத்தால் மட்டும் இல்லை, பயத்தால். இந்த நல்லப்பன் பயந்து நீ பார்த்திருக்கிறாயா? எருமப்பட்டிச் சந்தையில் மிரண்டு ஓடிய காளையைக் கொம்பைப் பிடித்து நிறுத்தியவன் நான். சரி, கொம்பு இல்லை, கயிறு. சரி, கயிற்றைப் பிடித்தது நீ, நான் பக்கத்தில் நின்றேன்.

பார்த்தாயா, உனக்கு எழுதினால் இப்படித்தான் ஆகிறது. ஒரு முழம் கூட்டினால் உடனே நீ முறைப்பது தெரிகிறது. அதனால்தான் இதை உனக்கு எழுதுகிறேன். உயிரோடு இருக்கிறவர்களிடம் நான் சொல்வதை யாரும் நம்புவதில்லை. ஆனால் கூடவே நின்று பார்த்தவனிடம் எவன் புளுகுவான்?

நீ மட்டும் படிக்கப்போகிற கடிதம் இல்லை இது. ஞாயிற்றுக்கிழமை காலை பந்தயக்காரர்கள் நாமக்கல்லை விட்டுக் கிளம்பியதும், நம் வாடகை சைக்கிள் கடை சபாபதி இதைக் கடைச் சுவரில் ஒட்டி, எழுத்துத் தெரியாதவர்களுக்கு உரக்கப் படிப்பான். அவர்கள் கிளம்புகிற வரைக்கும் பிரிக்கவே கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன். எழுத்துப் பிழைகளை நீ பொறுத்துக்கொள்வாய். நான் மூன்றாங் கிளாஸ், நீ இரண்டாங் கிளாஸ்தானே.

பந்தயம் மறுபடியும் நடக்கிறது, தெரியுமா? உலகச் சண்டைக் காலத்தில் டயர், டியூப் எதுவும் கிடைக்காமல் நின்றுபோயிற்று. போன வருஷம்தான் திரும்பத் தொடங்கினார்கள். அதே வழிதான்: நாமக்கல்லில் கிளம்பி, புதுச்சத்திரம், ராசிபுரம், மல்லூர் தாண்டி சேலம். அதே ஆடி மாதம், அதே காற்று. சேலத்துப் பெரிய சைக்கிள் கடைக்காரர்கள் இப்போதும் சம்பளம் கொடுத்து ஆள் வைத்துத்தான் ஓட்டுகிறார்கள். சைக்கிள்கள்தான் பழசு. அதில் ஏறுகிற ஆட்களில் ஒருவனும் பழசு.

அத்தியப்பன்தான் அந்தப் பழசு. உன்னோடு மாறி மாறி ஜெயித்தவன், உன் பின்சக்கரத்தை உன்னைவிட அதிகம் பார்த்தவன். அவனுக்கு நாற்பத்து மூன்று வயது. முன்தலை வழுக்கை, தாடையில் நரை. தொடை மட்டும் இன்னும் தேக்குக் கட்டை மாதிரி இருக்கிறது. எதிரில் ஓட்டப்போகிறவன் தனபால் என்று சேலத்துப் பையன். இருபத்திரண்டு வயது. கண்ணாடியில் முகம் பார்த்துத் தலை சீவிக்கொண்டு பந்தயத்துக்கு வருகிறான்.

சபாபதி கடை வாசலில் பேச்சு ஓயவில்லை. ஆட்டையாம்பட்டி ராமலிங்கம் இருக்கிறாரே, வாரச் சந்தைக்குத் துணி கொண்டுவருகிறவர், அவர் மூட்டையை இறக்கினதும் முதலில் இங்கேதான் வருகிறார். துணி விற்கிறதோ இல்லையோ, பேச்சு விற்க வேண்டும் அவருக்கு.

"நாப்பது தாண்டுனவன் எல்லாம் பந்தயத்துல என்னங்க பண்ணப் போறான்? ஊட்ல பேரப் பசங்களத் தொட்டில்ல போட்டு ஆட்டோணும்," என்றார் போன வாரம்.

"வயசானா காலு போகுமுங்க, கணக்கு போகாதுங்க," என்றான் சபாபதி, பங்க்சர் ஒட்டிக்கொண்டே. "தனபாலு சின்னப் பையன். கைதட்டலுக்காக முன்னாலயே ஓடுவான். ஆடிக் காத்து எடது பக்கமிருந்து அறையும். நம்மாளு என்ன பண்ணுவான்? தனபாலோட வலது பின்சக்கரத்த ஒட்டி ஒளிஞ்சுக்குவான். காத்தெல்லாம் சின்னவனுக்கு, சவாரி பெரியவனுக்கு."

"ராசிபுரம் வரைக்கும் ஒளியலாமப்பா. மல்லூர் மேட்டுல யாரு பின்னால போயி ஒளியறது? மேடு எல்லாருக்கும் மேடுதானே."

"மாரப்பண்ணன் ஏறுன மாதிரி ஏறுவான்."

"மாரப்பன் மாதிரியா? அதுக்கு மாரப்பனே திரும்பி வந்தாத்தான் உண்டு. ஒரு காலு கீழ ஊனாம ஏறுனவன் சாமி அவன். என்ன நல்லப்பா, நீதானே பாத்தவன், அந்தக் கதையக் கொஞ்சம் சொல்லு கேப்போம்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வழக்கமாக இந்த இடத்தில் நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து நிற்பேன். அன்றைக்கு எழவில்லை. காப்பித் தம்ளரை வாயில் வைத்தபடியே இருந்தேன்.

"நல்லப்பண்ணா, ஒடம்பு கிடம்பு சரியில்லீங்களா?" என்றான் சபாபதி. நான் இரண்டு நிமிஷம் பேசாமல் இருந்தால் ஊர் வைத்தியரைத் தேடுகிறது மச்சான்.

நீ கேட்பாய், என்ன கதை, நான் எப்போது காலை ஊன்றாமல் ஏறினேன் என்று. அதைத்தான் சொல்ல வருகிறேன். சுவரில் படிக்கிறவர்களும் கேட்டுக்கொள்ளட்டும்.

மேட்டூரில் அணை கட்டும்போது இன்ஜினீயர் வீட்டுக்கும் வேலை நடக்கிற இடத்துக்கும் கடுதாசி சுமந்து சுமந்துதான் நீ சைக்கிள் பழகினாய். உன் கால் வலுவில்தான் அணையே எழும்பியது என்று நான் சொல்லித் திரிந்ததை விடு. அங்கே நீ கற்றுக்கொண்டது ஒரு கணக்கு. பின்சக்கரத்தில் சின்னப் பல், அதாவது பல் குறைந்த சின்னப் பல்சக்கரம், போட்டால் ஒரு மிதிக்குச் சைக்கிள் அதிக தூரம் போகும், சமதரையில் பறக்கும். ஆனால் மேட்டில் மிதி நகராது, பாறாங்கல்லைக் கட்டி இழுக்கிற மாதிரி இருக்கும். மற்றவர்கள் மல்லூர் மேட்டுக்குப் பயந்து பெரிய பல் போட்டார்கள், ராசிபுரம் வருவதற்குள் பின்தங்கினார்கள். நீ சின்னப் பல் போட்டுக்கொண்டு சமதரையில் பறந்தாய். மேடு வந்ததும் குதித்து இறங்கி, ஒரு கை ஹாண்டில் பாரில், ஒரு கை சீட்டில், குட்டிக் குட்டி அடியாக ஓடித் தள்ளினாய்.

பந்தயச் சட்டத்தில் அதற்குத் தடை இல்லை. ஆனால் ஜனங்கள் பேசினார்கள். "இது சைக்கிள் பந்தயமா, தள்ளுவண்டிப் பந்தயமா?" என்று இந்த ராமலிங்கமே எத்தனை தடவை கேட்டிருக்கிறார்! நீ சிரிப்பாய். எனக்குத்தான் உடம்பெல்லாம் எரியும். என் தங்கை புருஷன் இறங்கித் தள்ளுகிறவன் என்று எவனும் சொல்லக் கூடாது என்று எனக்கு ஒரு வீம்பு.

உன் கடைசிப் பந்தயத்தில் காற்று புழுதியை வாரி வாரி அடித்தது. மேட்டில் நின்ற கூட்டமெல்லாம் கீழே புளியமரத்தடிக்கு ஓடிவிட்டது. புழுதியில் அங்கிருந்து மேடே தெரியாது. உச்சியில் சொம்புத் தண்ணீரோடு நின்றவன் நான் ஒருவன்தான். நீ தள்ளிக்கொண்டு வந்தாய், முகமெல்லாம் செம்மண். "வேற யாராச்சும் இருக்காங்களா மச்சான்?" என்று கேட்டாய். இல்லை என்றேன். "அப்ப நல்லா ஒரு மூச்சு வாங்கிக்கறேன்," என்று சொல்லி, தண்ணீர் குடித்து, ஏறிப் போய்விட்டாய். அத்தியப்பன் அப்போது கீழே வளைவுக்கு அந்தப் பக்கம் இருந்தான். அவன் எதையும் பார்க்கவில்லை. சேலத்தில் நீதான் முதலில் போய்ச் சேர்ந்தாய்.

இது நடந்தது. இதற்கு மேல் ஒரு சொல் கிடையாது.

பிறகு விஷக் காய்ச்சல் வந்து பதினோரு நாளில் உன்னைக் கொண்டுபோயிற்று. கருமாதிக்கு ஆயிரம் பேர் வந்தார்கள். முந்நூறு என்று வைத்துக்கொள். பந்தியில் உட்கார்ந்து ராமலிங்கம், "நல்ல மனுசன். என்ன, மேட்டுல எறங்கித் தள்ளற ஆளு, அது ஒண்ணுதான் கொறை," என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் பாவாயி தூணுக்குப் பின்னால் வெள்ளைச் சேலையோடு உட்கார்ந்திருந்தாள். அவள் தலை இன்னும் கொஞ்சம் தாழ்ந்ததை நான் பார்த்தேன்.

என் வாய் திறந்துகொண்டது மச்சான். "கடைசிப் பந்தயத்தில் என் மச்சான் இறங்கவே இல்லை, நான் கண்ணால் பார்த்தேன்," என்றேன். அதோடு நிறுத்தினேனா? சின்னப் பல்லை வைத்துக்கொண்டே ஏறினார் என்றேன். நான் நீட்டிய சொம்பை ஒரு கையால் வாங்கி, குடித்துக்கொண்டே மிதித்தார் என்றேன். காலி சொம்பை என்னிடம் வீசிவிட்டுப் போனார், அதைப் பிடித்த இடத்தில் என் கை இன்னும் வலிக்கிறது என்று கையைக் காட்டினேன்.

பந்தியில் அத்தியப்பனும் இருந்தான். பிசைந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டான். "அப்ப நா தோத்தது சரிதான்," என்றான். இலையை மூடிவிட்டு எழுந்து போனான். அந்த முகத்தைப் பார்த்தபோதாவது நான் நிஜத்தைச் சொல்லியிருக்க வேண்டாமா?

பொய் சும்மா இருக்கவில்லை. மேட்டின் உச்சியில் யாரோ ஒரு கல்லை நட்டு உன் பெயரை எழுதினார்கள். சுண்ணாம்பு அடித்தது நான்தான், ஒளிப்பானேன்? அதற்குக் குங்குமம் வைத்தார்கள். பந்தயக்காரர்கள் ஹாண்டில் பாரில் எலுமிச்சம்பழம் கட்டிக்கொண்டு வந்து, அந்தக் கல்லைத் தாண்டினதும் அறுத்துப் போடுகிறார்கள். கல்லுக்கு முன்னால் காலைத் தரையில் ஊன்றினால் மாரப்பனுக்கு அவமானம் என்று ஒரு வழக்கம் உண்டாகிவிட்டது. நீ குதித்து இறங்கிய இடத்தில் இப்போது இறங்கினவனைப் பார்த்துக் காறித் துப்புகிறார்கள்.

போன வருஷம் ஆறு பேர் அங்கே விழுந்தார்கள். இல்லை, மூன்று பேர். அதில் ஒருவன் அத்தியப்பன். கல்லுக்கு இருபது அடி முன்னால் கண் இருட்டி, சைக்கிளோடு பள்ளத்தில் சாய்ந்தான். மூக்கில் ரத்தம். தூக்கப் போன என் காதுபட ஒருவன் கத்தினான், "மாரப்பன் ஏறுன மேட்டுல மாடு மாதிரி விழுந்து கெடக்கறான் பாரு!" அத்தியப்பன் கண்ணைத் திறந்து, அந்தக் கல்லைப் பார்த்தான். என்னைப் பார்க்கவில்லை.

சேலத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, இனி மேடு ஏறுகிற வேலையே வேண்டாம், ஏறினால் மேலே போய்ச் சேர மாட்டாய் என்றாராம். அதை அத்தியப்பனே கடை வாசலில் சிரித்துக்கொண்டு சொன்னான். "மேல போய்ச் சேருவேன்னு சொல்லியிருந்தாத்தான் பயப்படோணும்," என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், பாவி.

இந்த ஆடி பிறந்ததும் என்னைத் தேடி வந்தான். "மாரப்பன் பின்னால எத்தன பல்லு போட்டிருந்தான் நல்லப்பா? உண்மையச் சொல்லு," என்று கேட்டான். உண்மையைச் சொல்லு என்று கேட்டதும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. பதினாறு பல் என்றேன். அது நிஜம். அன்றைக்கே சபாபதியிடம் சொல்லித் தன் சைக்கிளிலும் பதினாறு பல் மாட்ட வைத்தான். சபாபதி செயினை ஏற்றிச் சக்கரத்தைச் சுற்றிவிட்டான். அது சுற்றி நிற்கிறதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் எனக்கு உறைத்தது.

நான் சொன்னதில் பாதி நிஜம், பாதி பொய் மச்சான். சின்னப் பல் நிஜம். இறங்கவில்லை என்பது பொய். தனித்தனியாக இருந்தால் யாருக்கும் கெடுதல் இல்லை. இரண்டும் சேர்ந்தால் ஆளைக் கொன்றுவிடும். இருபத்திரண்டு வயதுத் தனபாலே பெரிய பல் போட்டுக்கொண்டுதான் அந்த மேட்டை ஏறுகிறான். நாற்பத்து மூன்று வயதில், டாக்டர் வேண்டாம் என்ற நெஞ்சோடு, சின்னப் பல்லில், காலை ஊன்றாமல், யாருமே ஏறாத மேட்டை ஏறப்போகிறான் இவன். நடக்காத ஒன்றைத் துரத்திக்கொண்டு சாகப்போகிறான். அதை நடக்க வைத்தது இந்த வாய்.

நேற்று முன்தினம் கரி எரித்து ஓட்டுகிற பஸ்ஸில் ஏறி, அத்தியப்பன் குடியிருக்கிற சேலத்துக்குப் போனேன். பஸ் நின்ற இடத்திலெல்லாம் இறங்கித் திரும்பிவிடலாமா என்றிருந்தது. அத்தியப்பன் வாசலில் உட்கார்ந்து காலுக்கு விளக்கெண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தான். உட்காரக்கூட இல்லை, சொல்லிவிட்டேன். மாரப்பன் இறங்கித்தான் தள்ளினான், எப்போதும் போலத்தான், நான் சொன்னது புளுகு என்று சொல்லிவிட்டேன்.

அவன் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "தனபால் ஆளுங்க உன்னையக் காப்பிக் கடைக்குக் கூட்டிட்டுப் போனாங்களா?" என்றான்.

"என்னப்பா சொல்லற?"

"பந்தயத்துக்கு நாலே நாளு இருக்குது. இப்ப வந்து எறங்கித் தள்ளுங்கற. நா எறங்குனா யாருக்கு லாபம்? நாங்களும் இந்த மாதிரி எத்தனையோ தந்திரம் பாத்தவங்க நல்லப்பா. முந்தி ஒருத்தன் என்ற டயர்ல முள்ளுக் குத்துனான். நீ காதுல குத்தற."

"என் கொழந்தைங்க மேல சத்தியமா..."

"நீ பண்ணாத சத்தியமா? மல்லூர் மேட்டுல அவன் ஏறுனதுக்கும் அந்தக் கொழந்தைங்க மேலதான் சத்தியம் பண்ணுன."

அவன் எழுந்து நின்றான். எண்ணெய்க் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டான்.

"இத பாரு. செத்தவனக் கேவலப்படுத்தாத. அவன் உன்ற தங்கச்சி புருசன். அவன் ஏறுனான், நா தோத்தேன். நாலு வருசமா இத முழுங்கிட்டுத்தான் இருக்கறேன். ஞாயித்துக்கெழம அந்தக் கல்லத் தாண்டிப்போட்டு விழுந்தாலும் எனக்குச் சந்தோசந்தான். போயிட்டு வா."

என் பொய்யை நான்கு வருஷம் நம்பியவன், என் நிஜத்தை நான்கு நிமிஷம்கூட நம்பவில்லை. இதற்கு யாரைக் குறை சொல்வது? ராமலிங்கத்திடம் சொன்னேன், "இன்னிக்கு என்ன புதுக் கதையா?" என்று தொடையைத் தட்டிச் சிரித்தார். சபாபதி மட்டும் சிரிக்காமல் என்னையே பார்த்தான். அவன் நம்பினான் என்று நினைக்கிறேன். ஆனால் அத்தியப்பனிடம் போய்ச் சொல்ல அவனுக்கும் சாட்சி வேண்டுமே? அங்கே நின்றது இரண்டே பேர். ஒருவன் புளுகன், இன்னொருவன் நீ.

நேற்றுக் காலையில் பாவாயியைப் பார்க்கப் போனேன். கடலைக் காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்தாள். வரப்பில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். உன் பெயரை வைத்து நான் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருந்தது. அவள் களைக்கொத்தைக் கீழே வைக்கவே இல்லை.

"எனக்குத் தெரியுமுங்க அண்ணா," என்றாள்.

"என்ன தெரியும்?"

"அவரு எறங்குனது. ஒவ்வொரு தடவையும் ஊட்டுக்கு வந்து சொல்லுவாரு. 'இத்தன தூரம் அது என்னையச் சொமந்துச்சு பாவாயி, அந்த மேட்டுல மட்டும் நா அதச் சொமந்தேன்'ன்னு சொல்லிச் சிரிப்பாரு. கடைசித் தடவையும் அதேதான் சொன்னாரு."

"அப்ப கருமாதி அன்னிக்கு நீ ஏன் பேசாம இருந்த?"

மண்ணைக் கொத்தினாள். "நீங்க சொன்னப்ப எனக்கு நல்லா இருந்துச்சுங்க. எல்லாரும் அவரப் பெருசாப் பேசுனாங்க. அதான் பேசாம இருந்துட்டேன். ஒரு உசுரு போகுமுன்னு யாருங்க கண்டா?"

நான் அவளிடம் கேட்கத்தான் போனேன், அத்தியப்பனுக்கு நீ ஒரு வார்த்தை சொல்லு, நீ சொன்னால் நம்புவான் என்று. புருஷன் பெருமையைப் பெண்டாட்டியே குறைத்துச் சொல்ல மாட்டாள் அல்லவா? ஆனால் நான் கேட்பதற்கு முன்னால் அவளே பேசினாள்.

"நானே போயிச் சொல்லலாம், ஆனா அத்தியப்பண்ணன் என்னையப் பேச விட மாட்டாருங்க. போன தை மாசம் இந்தப் பக்கம் சைக்கிள்ள வந்தாரு. நா தண்ணிக் கொடத்தோட எதுக்கால வந்தேன். வெள்ளச் சேலையப் பாத்ததும் அப்படியே பிரேக்குப் புடிச்சு, காலக் கீழ ஊனி, சைக்கிளத் திருப்பிட்டுப் போயிட்டாரு. சபாபதி கடைக்குப் போயித் தண்ணி குடிச்சுட்டு மறுபடி கெளம்புனாராம். சகுனம் பாக்கறதுல அவ்வளவு கெட்டி."

எனக்கு ரத்தம் கொதித்தது. அவன் வரட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று எழுந்தேன். அவள் முதல் தடவையாகத் தலையை நிமிர்த்திப் பார்த்தாள்.

"கோவப்படாதீங்க அண்ணா. நா அதத்தான் யோசிச்சுட்டு இருக்கறேன். ஞாயித்துக்கெழம என்னைய மல்லூர் மேட்டடிக்குக் கூட்டிட்டுப் போங்க. நடு ரோட்டுல நிக்கறேன். என்னையப் பாத்தா அந்த அண்ணன் காலு தானாக் கீழ எறங்கும். எறங்குனதுக்கப்பறம் நா சொல்ல வேண்டியதச் சொல்லிக்கறேன்."

"ஊரு என்ன பேசும் தெரியுமா? தாலியறுத்தவ பந்தயத்த மறிச்சான்னு..."

"நாலு வருசமா என்னையப் பாத்தா எல்லாரும் நின்னு திரும்பித்தானே போறாங்க. ஒரு நாளைக்கு அது ஒரு உசுருக்கு ஒதவட்டுமே."

சொல்லிவிட்டுக் களை வெட்ட ஆரம்பித்துவிட்டாள். நான் மறுபடியும் வரப்பில் உட்கார்ந்துவிட்டேன்.

அதனால்தான் சுவரில் ஒட்டச் சொன்னேன். அத்தியப்பனுக்கு முன்கூட்டியே தெரிந்தால் வேறு வழியாகச் சுற்றி ஏறிவிடுவான், அல்லது கண்ணை மூடிக்கொண்டு மிதிப்பான். அவன் கிளம்பிய பிறகு ஊர் படிக்கட்டும். ராமலிங்கம் ஐயா, நீங்களும் கேளுங்கள். இந்நேரம் என் தங்கை மல்லூர் மேட்டடியில் வெயிலில் நின்றுகொண்டிருப்பாள். அவள் பந்தயத்தைக் கெடுக்கப் போகவில்லை. நான் கட்டிய பொய்யைப் பிரிக்கப் போயிருக்கிறாள். அவளைத் திட்ட வாய் திறக்கிறவர்கள் முதலில் என்னைத் திட்டி முடித்துவிட்டு அவளிடம் போங்கள். எல்லோருக்கும் முறை வரும் அளவுக்கு நான் செய்திருக்கிறேன்.

மச்சான், உன் கல் என்ன ஆகுமோ தெரியவில்லை. இனி அதற்குக் குங்குமம் வைப்பார்களோ, பிடுங்கி எறிவார்களோ. உன் பெயரை நானே ஏற்றி வைத்தேன், நானே இறக்குகிறேன். முப்பத்தொன்பது வயதில், மேட்டில் நடந்தும், அத்தனை பேரையும் நீ ஜெயித்தாய். அதை அப்படியே சொல்லியிருந்தாலே போதுமே, அது எனக்கு ஏன் சின்னதாகத் தெரிந்தது? உனக்குக் கோபமா? நீ கோபப்பட மாட்டாய். ஆனால் கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்கு வழியில்லை.

பயங்கள் ஒன்றா இரண்டா. அவன் வேகத்தில் வந்து அவளைப் பார்க்காமலே மோதிவிட்டால்? பார்த்துவிட்டுத் திடீரென்று பிரேக் பிடித்து, பின்னால் வருகிறவர்கள் எல்லோரும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தால்? கூட்டம் கல்லெடுத்தால்? காலை ஊன்றி நின்று, அவள் சொல்வதைக் கேட்டு, சிரித்துவிட்டு மறுபடியும் ஏறி மிதித்தால்? ராசிபுரம் தாண்டும்போதே அந்த நெஞ்சு நின்றுபோயிருந்தால்? அப்போது நாங்கள் இரண்டு பேரும் நடு ரோட்டில் யாருக்காக நிற்போம்?

இதற்கெல்லாம் என்னிடம் பதில் இல்லை. முன்பெல்லாம் பதில் இல்லாத இடத்தில் ஒரு கதையைச் சொருகிவிடுவேன்.

நாளைக்கு மத்தியானமே வண்டி பூட்டி அவளைக் கூட்டிக்கொண்டு கிளம்புகிறேன், மல்லூரில் தங்கிக்கொள்வோம். உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன், இதில் கூட்டியது ஒன்றும் இல்லை. பேச வேண்டியதைப் பாவாயி பேசுவாள், நான் வாயைத் திறக்க மாட்டேன். ஆனால் அவளுக்கு ஓரடி முன்னால் நான் நிற்பேன். நிறுத்தாமல் வருகிற சக்கரம் எதுவாக இருந்தாலும் முதலில் என் மேல்தான் ஏற வேண்டும். பயப்படுவேன், அதை நீ பார்ப்பாய். பயந்தாலும் அந்த இடத்தை விட்டு நகர மாட்டேன் மச்சான்.

இப்படிக்கு,
உன் பாவாயிக்கு அண்ணனும்
உனக்கு என்றைக்கும் மச்சானுமான
நல்லப்பன்